மணல்திட்டில் ஆற்றிய உரை

எழிலா,

அச்சகத்துக்காரர் இன்று காலையும் அழைத்தார். உன் திருமண அழைப்பிதழில் எல்லா வரிகளும் கோத்தாகிவிட்டனவாம். 'தலைமையேற்று நடத்திவைப்பவர்' என்பதற்குக் கீழே மட்டும் இடம் வெறுமையாக நிற்கிறதாம். "எப்பவும் போல உங்க பேரையே போட்டுறலாங்களா டீச்சர்?" என்று கேட்டார். பள்ளிபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் எத்தனையோ வீட்டுத் திருமணங்களுக்கு அந்த வரிக்குக் கீழே என் பெயரை அச்சிட்டுப் பழகிய கை அவருடையது. மாலைக்குள் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்லவேண்டிய விடை முதலில் உனக்கு உரியது. அதனால் எழுதுகிறேன்.

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தருகே, மணல்மேட்டின் சரிவில், நனைந்த உடையோடு நாம் உட்கார்ந்திருந்தபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "கல்யாணத்துல நீங்க பேச வேண்டாங்கம்மா" என்றாய். அங்கிருந்து வீடு வந்து சேரும்வரை மகிழுந்தில் நான் வாய் திறக்கவே இல்லை என்பதை நீ அறிவாய். வண்டியை ஓட்டியபடியே கண்ணாடியில் என் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டு வந்தாய். ஆத்தூரில் தேநீருக்கு நிறுத்தச் சொன்ன உன் அப்பா, "ஏனுங்க டீச்சர், தொண்டைக்குள்ள உப்புத்தண்ணி போயிருச்சுங்களா? வெந்நி வாங்கியாரட்டுமா?" என்று கேட்டார். தலையை மட்டும் அசைத்தேன். எங்களை வீட்டில் இறக்கிவிட்டு நீ மேட்டூருக்குப் போய்விட்டாய். அதன்பின் கைபேசியில் நாம் மழையைப் பற்றிப் பேசுகிறோம். பந்தலைப் பற்றிப் பேசுகிறோம். நீ கேட்டதைப் பற்றி மட்டும் பேசாமல் இருவரும் தாண்டித் தாண்டிப் போகிறோம்.

சினந்தேன், எழிலா. அதை மறைக்கமாட்டேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் வாழ்த்திய வாய், பெற்ற பிள்ளையின் மணநாளில் மூடிக்கிடக்க வேண்டுமா என்று எனக்குள்ளேயே முழங்கினேன். சமையலறையில் நின்று, எதிரே ஆயிரம் பேர் அமர்ந்திருப்பது போல எண்ணிக்கொண்டு, உனக்கு எதிராக ஓர் உரையே ஆற்றி முடித்தேன். சொற்கள் அருவியாகக் கொட்டின. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான், அந்த நாளை முதலிலிருந்து ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நீயும் உடன் வா. நீ கண்டதும் நான் கண்டதும் ஒன்றுதானா என்று பார்ப்போம்.

மலர் உனக்கு மேட்டூரில் வாய்த்தவள். நீ அனல்மின் நிலையத்தில். அவள் அணைக்கரையில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில். அவள் பிறந்த ஊரோ நம் ஆறு முடிகிற இடத்தில். உங்கள் இருவருக்குள் முடிவாகிவிட்ட ஒன்றுக்கு இரு வீட்டாரும் இசைந்தாயிற்று. குலம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட உறவினர் நம் பக்கத்தில் சிலர் உண்டு. ஆகவே நாள் குறிக்க நாம் மூவர் மட்டுமே போனோம். முதல்நாள் மாலையே நாள் குறித்தாயிற்று. மறுநாள் விடியுமுன் மலரின் அப்பா படகேறிவிட்டார். காலை உணவு முடிந்ததும், நம் வாசலைக் கடந்து போகிற காவிரி எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டவள் நான். விடுப்பில் வந்திருந்த மலரும் கிளம்பினாள். மலரின் அம்மா உடனே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வாங்கம்மா, நடந்தே போயிரலாம். வெயிலு ஏறுறதுக்குள்ள திரும்பிறணும், அவ்ளோதான்" என்றார். அவர் வெயிலைச் சொன்னாரா, வேறு எதையும் சேர்த்துச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சவுக்குத் தோப்பைக் கடந்ததும் மணல்மேடுகள் தொடங்கின. உன் அப்பா மூன்றாவது அடியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியோடு கருங்கல்லைத் துளைத்தே வாழ்ந்தவர், கால் வைத்த இடமெல்லாம் உள்வாங்கும் நிலத்தின்மேல் குழந்தையைப் போலத் தள்ளாடினார். மேட்டின் முகட்டில் ஏறி நின்று நாற்புறமும் பார்த்தவர் முதலில் சொன்னது நினைவிருக்கிறதா? "அட சாமி! எத்தனை லோடு மணலு! நம்மூர்ல இதுக்கு வெட்டு குத்தே நடக்குமுங்களே! இங்க கேக்க ஆளில்லாமக் கெடக்குது!" மலர் சிரித்தாள். "அள்ளுனா ஊரே வந்து அடிக்கும் மாமா. இந்த மேடு இருக்கிறதாலதான் புயல்ல எங்க வீடு இருக்கு" என்றாள். அவர் ஒரு பிடி அள்ளி விரலிடையே தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "எதுக்குக் கண்ணு அடிக்கறீங்க, இது பூச்சு வேலைக்கு ஆவாது" என்று கீழே போட்டார். மேட்டைப் பற்றிப் படர்ந்திருந்த அடம்பங்கொடியை மிதிக்காமல் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஊதாப் பூக்கள் விரிந்திருந்தன. நெய்தல் நிலத்துப் பாடல்களில் அக்கொடியைப் பற்றிப் பள்ளியில் பல்லாண்டு பாடம் சொன்னவள் நான். கண்ணால் கண்டது அதுவே முதன்முறை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். உன் அப்பா அதற்குள் வேறொன்று கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, இந்த ஊர்ல எத்தனை அடியில தண்ணி?" என்பதே அவர் எங்கே போனாலும் கேட்கும் முதற் கேள்வி. மலரின் அம்மா இரு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் மண்டியிட்டு மணலைத் தோண்டினார். முழங்கை மறைந்ததும் ஊறியது. கலங்கல் தெளியும்வரை பொறுத்திருந்து, இரு கைகளால் ஏந்திக் குடிக்கச் சொன்னார். கடல் இரைச்சல் காதில் விழும் தொலைவில், அந்த நீர் இளநீரைப் போல இருந்தது. நாமக்கல்லில் ஆயிரம் அடி துளைத்தும் புழுதியைக் கண்டு திரும்பிய வண்டிக்குச் சொந்தக்காரர், கையில் எஞ்சிய ஈரத்தையும் முகத்தில் தடவிக்கொண்டு, "எழிலு, இந்த ஊர்ல நமக்குப் பொழப்பு ஓடாதுடா" என்றார். நீ வாய்விட்டுச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. அப்போதே நான் அதை மனத்தில் குறித்துக்கொண்டேன் என்பதையும் உனக்குச் சொல்லவேண்டும். எங்கேனும் சொல்லலாம் என்றுதான் குறித்துக்கொண்டேன்.

கழிமுகம் வந்தது. ஆறு அங்கே ஆறாக இல்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை பரந்து, கரை எது நீர் எது என்று தெரியாமல் சோம்பிக் கிடந்தது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே நீண்ட மணல்திட்டு ஒன்று. அதற்கும் நாம் நின்ற கரைக்கும் இடையே முழங்காலுக்குக் கீழே நீர் ஓடும் ஒரு வாய்க்கால். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு அது ஒரு தடையா? கோடையில் பள்ளிபாளையத்திலிருந்து ஈரோட்டுக் கரைக்குப் பாறை பாறையாகத் தாவிப் போகிறவர்கள் அல்லவா நாம்! வேட்டியை மடித்துக் கட்டி, புடவையைத் தூக்கிச் செருகி, கடந்து போனோம். திட்டின் முனைவரை நடந்தோம். உன் அப்பா சங்கு பொறுக்கினார். நண்டுகள் நம்மைக் கண்டு வளைக்குள் ஓடின. ஒருபுறம் அலைகள் நுரைத்து எழுந்தன. மறுபுறம் ஆறு அசையாமல் இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் நான் என்ன செய்வேன் என்பது நாட்டுக்கே தெரியும்.

உங்கள் நால்வரையும் மணலில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினேன். மேட்டூரின் மதகுகளைத் தாண்டி, நம் ஊர்ப் பாலத்தின் கீழ் புகுந்து, ஆலைக்கும் வயலுக்கும் தன்னைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டுவந்து கடலிடம் சேர்க்கும் ஆற்றைப் பற்றிப் பேசினேன். மேட்டுநிலத்து மகனும் கடற்கரை மகளும் இணைவதைப் பற்றிப் பேசினேன். மணமகன் வீடு உயர்ந்தது, மணமகள் வீடு தாழ்ந்தது என்னும் கீழ்மை இந்த மணலில் புதையட்டும் என்று கையை உயர்த்தினேன். "அதோ பாருங்கள், நம் ஆறு கடலை நோக்கி ஓடுகிறது!" என்று நீரைச் சுட்டிக் காட்டினேன். நான் சுட்டிய நீரில் ஒரு சவுக்குச் சுள்ளி மிதந்து போயிற்று. அது கடலைவிட்டு விலகி, ஊர்ப்பக்கமாக, ஆற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை.

மலரின் அம்மா எழுந்தார். உணர்ச்சியால் எழுகிறார் என்று எண்ணி, அமருமாறு கையசைத்தேன். அமர்ந்தார். சற்று நேரம் கழித்து மறுபடி எழுந்தார். மறுபடி கையசைத்தேன். மலர் உன் முகத்தைப் பார்த்தாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். உன் கண் கலங்கியிருப்பதாக நினைத்து நான் குரலை இன்னும் ஏற்றினேன். வாழ்க்கையில் ஒருமுறைகூட என் பேச்சை இடைமறித்தவன் அல்லன் நீ. அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியவர், என் மேடைகளில் எப்போதும் கடைசி வரிசையில் அமர்ந்து பாதியில் உறங்கிவிடும் உன் அப்பாதான். உட்கார்ந்த இடம் நனைந்ததும் துள்ளி எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், கொஞ்சம் நிறுத்துங்க! மேட்டூர்ல தண்ணி உட்டுட்டாங்களாட்டம் இருக்குது!" பிறகு உன்னைப் பார்த்து, "ஏண்டா எழிலு, டேம் பக்கத்துலயே வேல பாக்கற, தொறக்கறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதில்லயா?" என்று கடிந்துகொண்டார்.

"டேமும் இல்ல ஒண்ணும் இல்ல சம்பந்தி!" என்று கத்தினார் மலரின் அம்மா. "கடல் ஏறுது! எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க!"

ஓதம் என்று நூல்களில் படித்திருக்கிறேன். நாள்தோறும் கடல் ஏறி இறங்கும் என்று மாணவருக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். ஆயினும் மேட்டுநிலத்தாராகிய நமக்கு நீர் ஏறினால் அதற்கு ஒரே பொருள்தான்: எங்கோ மேற்கே ஒருவர் மதகைத் திறந்திருக்கிறார். கடல் தானாக எழுந்து ஆற்றுக்குள் நுழையும் என்பது நம் கால்களுக்குத் தெரியாது. வாய்க்கால் அகன்றிருந்தது. இடுப்பளவு நீர் உள்நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. மலரின் அம்மா என் மணிக்கட்டைப் பற்றினார். "காலைத் தூக்கி வைக்காதீங்க, தரையிலயே இழுத்து இழுத்து வைங்க. என்னைய விட்றாதீங்க." நன்றி சொல்ல வாய் திறந்தேன். "பேசாதீங்கம்மா, வாயில தண்ணி போயிரும்!" என்றார். என்னைப் பேசாதே என்று நேருக்குநேர் சொன்ன முதல் மனிதர் அவர்தான். சொன்னபடி செய்தேன்.

நடுவாய்க்காலில் உன் அப்பாவின் கால் பள்ளத்தில் இறங்கியது. ஒரு நொடி அவர் தலை தெரிந்தது. மறுநொடி வேட்டியின் வெள்ளை மட்டும் நீருக்கடியில் போவது தெரிந்தது. கூவ நினைத்தேன், எழிலா. குரல் வரவில்லை. திடல் அதிரப் பேசிய தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. மலர்தான் பாய்ந்தாள். அவள் கையில் சட்டைக் கழுத்து சிக்கியது. அதன்பின் நீ போய் அவரை அக்குளில் தாங்கித் தூக்கினாய். கரையேறிய அவர் மூக்கிலும் வாயிலும் நீர் வழிய இருமினார்; கண்ணாடி போய்விட்டிருந்தது; கையில் வைத்திருந்த சங்குகள் போய்விட்டிருந்தன. மூச்சு திரும்பியதும் முதலில் உன்னைத் தேடினார். "எழிலு, உங்க டேம் மேல தப்பில்லடா. நல்லா உப்புக் கரிக்குது" என்றார். மலர் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை?" என்று மலரின் அம்மாவைக் கேட்டேன். கேட்ட தொனியில் குற்றச்சாட்டு இருந்தது என்பதை இப்போது உணர்கிறேன். அவர் புடவை முந்தியைப் பிழிந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "மாப்பிள்ளையோட அம்மா பேசிக்கிட்டு இருக்கீங்க. பொண்ணு குடுக்கிற நான் எப்புடிம்மா குறுக்க பேசுறது? ரெண்டு தடவ எந்திரிச்சேன். நீங்க உக்காருன்னு கை காட்டுனீங்க. சரி, இப்ப முடிச்சிருவாங்க, இப்ப முடிச்சிருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." எந்தக் கீழ்மையை மணலில் புதைக்க வேண்டும் என்று நான் முழங்கினேனோ, அதே கீழ்மையை என் கையசைப்பால் இருமுறை அவர்மேல் ஏற்றியிருந்தேன். அதற்கு அவர் பணிந்தார். அந்தப் பணிவு உன் அப்பாவின் உயிரைக் கொண்டுபோயிருக்கும்.

அதன்பிறகுதான் நீ என்னருகே வந்து உட்கார்ந்தாய். "அம்மா, ஒண்ணு கேக்கறேன். கல்யாணத்துல நீங்க பேச வேண்டாங்கம்மா."

"இன்றைக்கு நடந்ததற்காகவா?"

"இல்லீங்கம்மா. இது ரொம்ப நாளா இருக்குதுங்க. நீங்க பேசுனா அது ஊருக்கெல்லாம் ஆன கல்யாணம் ஆயிரும். எங்களுக்கு எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒண்ணு வேணும்." பிறகு, "நான் உதாரணமாவே வளந்துட்டேனுங்கம்மா" என்றாய்.

இந்த இடத்தில்தான் நான் ஊமையானேன். சினத்தின் காலம் முடிந்து நினைவின் காலம் தொடங்கியபோது, அந்தச் சொல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? நீ ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஒப்பித்தல் போட்டியில் மேடையேறி, ஒலிவாங்கியின் முன் ஒரு வரியும் வராமல் நின்று, இறங்கி வந்தாய். வீட்டுக்கு வந்ததும், "பேச வரலைன்னா தப்புங்களாம்மா?" என்று கேட்டாய். உன்னை அணைத்துக்கொண்டேன், அதுவும் மெய்தான். அடுத்த வாரமே இராசிபுரத்துக் கூட்டத்தில், பேச வரவில்லையே என்று கலங்கிய ஒரு சிறுவனைப் பற்றி உருக உருகப் பேசினேன், அதுவும் மெய்தான். கூட்டம் கண்ணீர் விட்டது. அச்சிறுவன் கடைசி வரிசையில் தன் அப்பாவின் மடியில் முகம் புதைத்துக்கொண்டதை மேடையிலிருந்து பார்த்தேன். உறக்கம் வந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். அதன்பின் நீ பேச்சுக் குறைந்த பிள்ளை ஆனாய். உன் அமைதியையும் நான் விடவில்லை. 'பேசும் தாய்க்குப் பேசாத மகன்' என்று அதையும் மேடைதோறும் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

நீ அமைதியானவன் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். ஊர் திரும்பிய பிறகு உன் அப்பாவிடம், "எழிலன் சிறுவயதிலிருந்தே எதையும் மனத்துக்குள் வைத்துக்கொள்பவன்" என்று சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "யாரு, நம்ம எழிலா? அவன் வாய மூட மாட்டானுங்களே! லீவுல போர்வண்டியில எங்கூட வாரப்ப, சங்ககிரி தாண்டறதுக்குள்ள காது வலிக்கும்." "என்ன பேசுவான்?" என்றேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதச் சொன்னா நீங்க மேடையில சொல்லிருவீங்களே!" என்று சிரித்துக்கொண்டே வெளியே போனார். அவருக்கு அது நகைச்சுவை.

ஆனாலும் என் பேச்சுக்காக நான் வெட்கப்படமாட்டேன், மகனே. அதையும் நீ கேட்டுக்கொள்ள வேண்டும். பெண் மேடையேறினால் கல் விழுந்த காலத்தில் மேச்சேரிச் சந்தைத் திடலில் நின்று பேசியவள் நான். என் உரையைக் கேட்டுவிட்டு மகளைப் பள்ளிக்கு அனுப்பிய தந்தையர் உண்டு. குலத்தைக் கேட்காமல் கைகோத்தவர்களுக்கு ஊர் பகையானபோது, நான் நடத்திவைத்த திருமணம் என்ற ஒன்றே அவர்களுக்கு அரணாக நின்றதும் உண்டு. உனக்கும் மலருக்கும் இன்று ஒரு வீடு கதவைத் திறந்தது என்றால், அக்கதவைத் தட்டித் தட்டித் தேய்ந்த கைகளில் என் கையும் ஒன்று. பேச்சு என் மூச்சு. எழுபது வயதை நெருங்கும்போது மூச்சை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் மூச்சு விடுகிறவர் எல்லாரும் பிறர் முகத்தின்மேல்தான் விட வேண்டும் என்பதில்லையே. எந்த நாளில், யாருக்காக, யாருடைய வாழ்க்கையை எடுத்துப் பேசுகிறோம் என்பதை இந்த வயதிலாவது கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

இனி நீ வீடு கட்டி வாழப்போகிறாய். அம்மா அறிவுரை சொல்லாமல் கடிதத்தை முடிப்பாளா? ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் பக்கத்தில் பெரியவர்கள் பேசினால் இடையில் பேசமாட்டோம். மலரின் வீட்டிலும் அப்படித்தான் என்று அன்று கண்டோம். அது நல்ல பழக்கம் என்று நானே வகுப்பில் கற்பித்திருக்கிறேன். நீ அதைக் கொஞ்சம் கெடுத்துக்கொள். மலர் பேசிக்கொண்டிருக்கும்போது நீர் ஏறுவது உன் கண்ணில் பட்டால் இடைமறி. நீ பேசும்போது அவள் எழுந்து நின்றால், எதற்கு எழுந்தாள் என்று கேள், கையசைத்து உட்காரவைக்காதே. உங்கள் இருவருக்கும் நாளை ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னிடம் மட்டும் ஒன்றைச் சொன்னால், அதை என்னிடம்கூடச் சொல்லாதே. அன்றைக்கு மணலில் உட்கார்ந்து நீ கேட்டாயே, நீ என்னை முதன்முறையாக இடைமறித்தது அதுதான். எனக்கு வலித்தது. ஆயினும் மணல்திட்டிலேயே, நான் ஆற்றைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோதே, நீ அதைச் செய்திருக்கலாம் என்பதுதான் இப்போது என் குறை.

மாலையில் அச்சகத்துக்காரரிடம் சொல்லப்போவது இதுதான்: அந்த வரியே வேண்டாம். என் பெயருக்குப் பதிலாக வேறு யார் பெயரும் வேண்டாம். நீயும் மலரும் உங்களுக்குத் தெரிந்த சொற்களில் ஒருவருக்கொருவர் உறுதி கூறுங்கள். சொல் வராவிட்டால் மாலையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் திருமணம்தான். இதை உன் அப்பாவிடம் சொன்னேன். "அச்சாபீஸ்காரரு கேப்பாரு, தலைமை இல்லாமக் கல்யாணமுங்களான்னு" என்றார். "நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். "பொண்ணும் மாப்பிள்ளையும் இருந்தாப் பத்தாதுங்களான்னு கேப்பேன்" என்றார். என் வாழ்நாள் உரைகளில் எதிலும் இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

தோழர்கள் கேட்பார்கள். மகன் திருமணத்தில் நீங்கள் பேசாமலா என்று மண்டப வாசலிலேயே மறிப்பார்கள். 'என் மகன் கேட்டுக்கொண்டான்' என்று பெருமிதத்தோடு சொல்ல முதலில் எண்ணியிருந்தேன். பிறகு உறைத்தது: அப்படிச் சொன்னால் அன்றும் நீ ஓர் எடுத்துக்காட்டு ஆகிவிடுவாய். எனவே தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். மேடையில் பொய்யே பேசியதில்லை என்று இறுமாந்திருந்தவள், உன் மணநாளில் ஒரு சிறு பொய்யைச் சொல்லிவிட்டு, மலரின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். வாழ்த்துரையைப் பல நாளாக எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய், கிழிக்கவும் இல்லை. எடுத்துப் பார்த்தேன். கூட்டத்துக்காக எழுதியதை எல்லாம் நீக்கிப் பார்த்தால் உனக்கென்று ஒரே ஒரு வரி எஞ்சியது: நீ நன்றாகச் சிரிக்கிறாய், எழிலா. அதை இங்கேயே சொல்லிவிட்டேன். இனி மேடையில் சொல்ல எதுவும் மீதம் இல்லை.

ஒன்று எஞ்சியிருக்கிறது. நான் எழுதிவரும் திங்களிதழின் ஆசிரியர், திருமணத்தை ஒட்டி மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்டிருந்தார். எழுதத் தொடங்கியதும் அது இந்தக் கடிதமாகிவிட்டது. இதில் நீ இருக்கிறாய், மலர் இருக்கிறாள், உன் அப்பா நீரில் மூழ்கியது இருக்கிறது, ஐந்தாம் வகுப்பில் நீ கேட்டது இருக்கிறது. முன்பெல்லாம் அச்சுக்குப் போன பிறகே நீ பார்ப்பாய். இம்முறை முதற்படி உனக்கு. இரண்டாம் படி எடுக்கவில்லை. நீயும் மலரும் அப்பாவும் சேர்ந்து படியுங்கள். வேண்டாம் என்றால் அந்த ஒரு சொல் போதும். ஏன் என்று கேட்கமாட்டேன். இக்கடிதத்தை உங்களைத் தவிர வேறு எவரேனும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார் என்றால், நீங்கள் மூவரும் சரி என்று சொல்லியிருக்கிறீர்கள்.

உன் அம்மா